இல்லம் அறக்கட்டளையுடையது, உத்தரவு யாருடையது?

கேள்வி

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கம் இது: “என் தம்பியின் மனைவி காலமாகிப் பதினொரு மாதம் ஆகிறது. தம்பி திருப்பூருக்கு வேலைக்குப் போனவன். ஆறு மாதமாகப் பேச்சில்லை, இருக்குமிடமும் தெரியவில்லை. பதினொரு வயது மகளும் ஏழு வயது மகனும் எங்கள் அம்மாவிடம் இருந்தார்கள். அம்மா வழுக்கி விழுந்து படுக்கையானதும், பெரியவள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுச் சமையலையும் தம்பியையும் பார்த்துக்கொண்டாள். வகுப்பாசிரியை குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தகவல் சொல்ல, குழந்தைகளை அழைத்துப் போய், பெண்ணை ஒரு டிரஸ்ட் நடத்தும் இல்லத்திலும் பையனை வேறொரு டிரஸ்டின் இல்லத்திலும் சேர்த்துவிட்டார்கள். இரண்டரை மாதம் ஆகிவிட்டது. இல்லத்தில் கேட்டால் ‘கமிட்டி ஆர்டர் கொண்டு வாருங்கள்’ என்கிறார்கள். கமிட்டியில் கேட்டால் ‘ரிப்போர்ட் வரவில்லை’ என்கிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டால் ‘ஹோமிலிருந்து வர வேண்டும்’ என்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு இதுவரை யாரும் வந்து பார்க்கவில்லை. பத்தாயிரம் கொடுத்தால் முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். இது அரசாங்க ஹோமா, தனியார் ஹோமா? நான் யாரைக் கேட்பது? என் கணவர் சுமை தூக்கும் வேலை பார்க்கிறார். எங்களுக்கும் ஒரு மகன் இருக்கிறான். நாங்கள் வளர்க்க முடியுமா? அடுத்த மாதம் அவர்கள் அம்மாவின் முதல் திதி வருகிறது, அதற்காவது அனுப்புவார்களா?”

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் ஏறி இறங்கிய மூன்று இடங்களிலும் சொல்லப்பட்டவை தனித்தனியே உண்மையாகவே இருக்கக்கூடும். மூன்றையும் சேர்த்து வைத்து அடுத்து என்ன செய்வது என்று சொல்ல ஆளில்லாமல் போனதுதான் உங்கள் சிக்கல். பல ஆண்டுகள் ஒரு தொண்டு நிறுவனத்தில் சமூகப் பணியாளராகவும், பிறகு ஒரு பதவிக்காலம் குழந்தைகள் நலக் குழுவின் உறுப்பினராகவும் இருந்தவன் நான். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இல்லம் அரசுடையதா தனியாருடையதா என்ற கேள்விக்கு முதலில் வருகிறேன். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டத்தின் 50-ஆவது பிரிவு, குழந்தைகள் இல்லங்களை மாநில அரசு தானே நடத்தலாம், அல்லது தன்னார்வ அமைப்புகளின் வழியாக நடத்தலாம் என்கிறது. உங்கள் தம்பி மக்கள் இருக்கும் இல்லங்கள் இரண்டாம் வகை. கட்டடம், சமையல், காப்பாளர், பள்ளிக்கு அனுப்புவது, காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் அறக்கட்டளையின் பொறுப்பு. ஆனால் குழந்தை உள்ளே வருவதையும் வெளியே போவதையும் முடிவு செய்யும் அதிகாரம் அறக்கட்டளைக்கு அணுவளவும் கிடையாது. அது நீங்கள் ‘கமிட்டி’ என்று குறிப்பிடும் குழந்தைகள் நலக் குழுவுக்கு மட்டுமே உரியது. ஆகவே ‘ஆர்டர் கொண்டு வாருங்கள்’ என்று இல்லத்தார் சொன்னதில் உங்களை அலைக்கழிக்கும் எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. உத்தரவில்லாமல் அவர்கள் குழந்தைகளை உங்களிடம் ஒப்படைத்திருந்தால்தான் அது தவறாகியிருக்கும்.

அந்தக் குழுவைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது, ஏனென்றால் ‘கமிட்டி’ என்றதும் அதிகாரிகள் கூட்டம் என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்த அமைப்பில் குறைந்தது ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். மாநில அரசால் நியமிக்கப்பட்டாலும் அவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். சமூகப் பணியிலோ கல்வியிலோ சட்டத்திலோ குழந்தைகளோடு பழகியவர்களாக வெளியிலிருந்து வருபவர்கள். எனினும் அந்த இருக்கையில் அமரும்போது நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் அவர்களுக்கு உண்டு. மாதத்திற்குக் குறைந்தது 20 நாள் குழு அமர வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. ஆகையால் ‘அடுத்த மாதம் வாருங்கள்’ என்று யாராவது சொன்னால், எந்தத் தேதியில் அமர்வு என்று பணிவாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அரசும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்த இந்தக் கூட்டு நேற்று முளைத்ததன்று. இந்தியாவிலேயே குழந்தைகளுக்கென்று தனிச்சட்டம் முதலில் வந்தது நம் மாகாணத்தில், 1920-இல். ஆனால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் ஒளவை இல்லத்தைத் தொடங்கியபோது, அடைக்கலம் தேடி வந்த பெண்களுக்குச் சோறும் படிப்பும் கொடுக்கத் தனிமனிதரின் முனைப்புத்தான் தேவைப்பட்டது. உங்கள் ஊர் ஆசிரியை அழைத்த 1098-க்கும் அப்படியொரு பிறவிக்கதை உண்டு. 1996-இல் மும்பையில் டாடா சமூக அறிவியல் கழகத்தின் களத்திட்டமாகத் தொடங்கி, நெடுங்காலம் ஊருக்கு ஊர் தொண்டு நிறுவனங்களின் பணியாளர்களால் நடத்தப்பட்ட அந்தச் சேவையை, 2023-இல் ‘மிஷன் வாத்சல்யா’ என்னும் ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் அரசே தன் கைக்கு எடுத்துக்கொண்டு 112 அவசர எண்ணோடு இணைத்தது. யார் பொறுப்பு என்று விரல் நீட்டிக் கேட்க முடிகிறது என்பது இதில் கிடைத்த நன்மை. எந்தப் பேருந்து நிலையத்தில் எந்தக் கடைக்காரரிடம் கேட்டால் ஓடிவந்த பையன் கிடைப்பான் என்று அறிந்திருந்த பழைய களப்பணியாளர்கள் சிதறிப்போனது இழப்பு. அந்த அறிவை எந்தக் கோப்பிலும் எழுதி வைக்க முடியாது என்பதை நான் ஆதங்கத்தோடுதான் சொல்கிறேன்.

இப்போது உங்கள் சிக்கலின் முடிச்சுக்கு வருவோம். அது ஒரு காகிதம். பெயர் ‘சமூக விசாரணை அறிக்கை’. குழந்தையின் குடும்பம் எத்தகையது, பெற்றோர் எங்கே, உறவினரில் யார் வளர்க்க முன்வருகிறார்கள், அவர்கள் வீடு எப்படி, வருமானம் என்ன, எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தை என்ன விரும்புகிறது என்பதை ஒருவர் நேரில் விசாரித்து எழுதும் அறிக்கை அது. குழு உத்தரவிட்டபின் 15 நாளுக்குள் அந்த விசாரணை முடிய வேண்டும். குழந்தை முதன்முதலாகக் குழுவின் முன் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு பிறப்பிக்க அது வழிசெய்ய வேண்டும். இதை இல்லத்தின் சமூகப் பணியாளரும் எழுதலாம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைச் சேர்ந்தவரும் எழுதலாம், குழந்தைகள் நலக் காவல் அலுவலரும் எழுதலாம். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பது வசதிதான். மற்றவர் எழுதுவார் என்று ஒவ்வொருவரும் காத்திருப்பதற்கும் அதே வசதி இடம் கொடுத்துவிடுகிறது. உங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுவே.

நான் குழுவில் இருந்தபோது நடந்த ஒன்றைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனைக் கேட்டு அவனுடைய பாட்டி வந்திருந்தார். அவன் தங்கியிருந்த இல்லத்தின் சமூகப் பணியாளர் பன்னிரண்டே நாளில் பாட்டியின் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, நல்லதொரு அறிக்கையை எழுதி அனுப்பிவிட்டார். அது போய்ச் சேர்ந்த அரசு அலுவலகத்தில், அதைப் பெற வேண்டியவர் மாற்றலாகிப் போயிருந்தார். அந்த இடத்துக்கு வேறு ஆள் வரவில்லை. நாங்களும் காலியாக இருந்த அந்தப் பதவியின் பெயருக்கே இரண்டு நினைவூட்டுக் கடிதம் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததாக இருந்தோம். ஐந்தாவது மாதம் அந்தப் பாட்டி எங்கள் முன் நின்று, முந்தானை முடிச்சை அவிழ்த்து, நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கொடுக்கும் கட்டணமில்லாச் சீட்டுகளைப் பதினொன்று, ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார். பேரனைப் பார்க்கத் தாம் வந்துபோனதற்கு அவரிடம் இருந்த அத்தாட்சி அவ்வளவுதான். அன்று மாலையே அலுவலகத்துக்கு ஆள் அனுப்பி, அலமாரியிலிருந்து அறிக்கையை எடுத்து வரச் செய்து, மறுநாள் உத்தரவிட்டோம். அறக்கட்டளையின் வேலையில் குறையில்லை, பாட்டியின் அன்பில் குறையில்லை. காகிதம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறிய இடத்தில்தான் ஒரு குழந்தையின் நான்கு மாதம் தொலைந்துபோனது. அந்தக் குழுவில் நானும் ஒருவன் என்பதால் அந்தப் பழியில் எனக்கும் பங்குண்டு.

எனவே நீங்கள் செய்ய வேண்டியது, வாய்மொழியாகக் கேட்பதை நிறுத்திவிட்டு எழுத்துக்கு மாறுவது. குழந்தைகள் நலக் குழுவின் தலைவருக்கு ஒரு மனு எழுதுங்கள். வெள்ளைத் தாளில் தமிழில் எழுதினால் போதும், கட்டணம் எதுவுமில்லை. இரு குழந்தைகளின் பெயர், வயது, அவர்கள் இருக்கும் இல்லங்கள், நீங்கள் அவர்களுக்கு அத்தை என்பது, குழந்தைகளை உங்கள் குடும்பத்தில் ஒப்படைக்கக் கோருவது, அதற்காக உங்கள் வீட்டில் சமூக விசாரணை நடத்தக் குழு தேதி குறித்து உத்தரவிட வேண்டும் என்பது ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, உங்கள் குடும்ப அட்டை, ஆதார், தம்பிக்கும் உங்களுக்கும் உள்ள உறவைக் காட்டும் ஏதேனும் ஒரு சான்று, தம்பி மனைவியின் இறப்புச் சான்றிதழ், பெரியவள் படித்த பள்ளியின் சான்று ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். தம்பியைத் தேட நீங்கள் செய்த முயற்சிகளையும் மறைக்காமல் எழுதுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தால் அந்த ரசீதையும் சேருங்கள், கொடுக்கவில்லையென்றால் இப்போதாவது கொடுங்கள். தந்தை உயிரோடிருக்கிறார் என்பதால் அவர் நிலை என்ன என்று அறியாமல் குழு உத்தரவிடத் தயங்கும்; அந்தத் தயக்கம் நியாயமானதே. மனுவின் ஒரு நகலில் நாள் குறித்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதே நகலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும் இரண்டு இல்லங்களின் பொறுப்பாளர்களுக்கும் கொடுத்துவிட்டால், ‘அங்கிருந்து வர வேண்டும்’ என்ற பேச்சு பெரும்பாலும் அடங்கிவிடும்.

இரண்டு வாரத்திலும் அசைவில்லையென்றால் மாவட்ட ஆட்சியரிடம் போங்கள். திங்கட்கிழமை மனு நாளில் ஆயிரம் மனுவோடு ஒன்றாகப் போய்விடுமே என்று நினைக்க வேண்டாம். குழந்தைகள் நலக் குழுவைப் பற்றிய குறைகளைத் தீர்க்கும் அதிகாரம் சட்டப்படி அவருக்கே உரியது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின் பாதுகாப்பு அலகும் அவருடைய மேற்பார்வையில் இருக்கிறது. நிலுவையிலுள்ள வழக்குகளைப் பற்றிக் குழு காலாண்டுதோறும் அவருக்கே அறிக்கை தர வேண்டும். இந்த மூன்று வரியையும் உங்கள் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

நீங்கள் வளர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏழ்மை ஒரு தடையாகச் சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. குடும்பமே குழந்தைக்கு முதல் இடம், இல்லம் கடைசிப் புகலிடம் என்பது அச்சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. குழந்தையைக் குடும்பத்தோடு மீண்டும் சேர்ப்பதும் பாதுகாப்பதுமே ஒவ்வொரு குழந்தைகள் இல்லத்தின் தலையாய நோக்கம் என்று 40-ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. கைக்கு எட்டாத செலவு என்றால், அதற்கென்றே நிதி ஆதரவுத் திட்டம் இருக்கிறது. உறவினர் வீட்டில் வளரும் ஆதரவற்ற குழந்தைகளும், இல்லத்திலிருந்து குடும்பத்துக்குத் திரும்பும் குழந்தைகளும் மிஷன் வாத்சல்யாவின் கீழ் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் பெற வழியுண்டு. கிராமமானால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கும், நகரமானால் 96,000 ரூபாய்க்கும் மேற்படக் கூடாது. வருமானச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பித்து வையுங்கள், ஏனென்றால் பலருக்கு உத்தரவு வந்தபிறகு இந்தச் சான்றுக்காகவே மாதங்கள் கழிகின்றன. ஒப்படைக்கும் உத்தரவில் நிதி ஆதரவுக்கான பரிந்துரையையும் சேர்க்கும்படி குழுவிடம் கேட்க மறவாதீர்கள். ஒன்று கிடைத்து மற்றொன்று கிடைக்காமல் குழந்தை மீண்டும் இல்லத்துக்கே திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: குழுவின் உத்தரவு உங்களுக்குப் பராமரிக்கும் பொறுப்பைத் தருகிறது, அது தத்தெடுப்பு ஆகாது. தம்பி திரும்பி வந்தால் அவருடைய தந்தை என்ற நிலை அப்படியேதான் இருக்கும்.

இங்கே கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உதவி பெறும் இல்லங்களுக்கு அரசின் மானியம் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் வருகிறது. நன்கொடையாளர்களும் நிறைந்த பந்தியைப் பார்த்தே மனமிளகுகிறார்கள். ஒரு குழந்தை வீடு திரும்பினால் இல்லத்தின் கணக்கில் ஒரு தலை குறைகிறது. பெரும்பாலான இல்லத்தார் இதையெல்லாம் பொருட்படுத்தாத நல்ல மனிதர்கள் என்பதை என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன். ஆனால் நல்ல மனிதர்களை நம்பி மட்டும் ஓர் ஏற்பாட்டை நடத்த முடியாது. வீடு திரும்பிய குழந்தைகளின் எண்ணிக்கைக்கும் அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த வேலைக்கும் அரசு தனியே பணம் கொடுக்காத வரையில், குழந்தையை வைத்திருப்பதற்கே ஊக்கம் தருகிறோம் என்பது என் கருத்து. அரசும் அறக்கட்டளையும் கைகோத்து நடக்கும் இந்த ஏற்பாட்டில் நான் காணும் பெரிய ஓட்டை இதுதான்.

அதனால்தான் கண்காணிப்பு அரசின் கையில் விடப்பட்டிருக்கிறது. அரசு நிதி பெற்றாலும் பெறாவிட்டாலும் ஒவ்வோர் இல்லமும் பதிவு செய்தாக வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டின் ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்து 2007-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கில் 2017 மே மாதம் வந்த தீர்ப்பு, நாடு முழுவதும் இந்தப் பதிவை வலியுறுத்தியது; நம் மாநிலத்தின் பெயரிலேயே அந்த வழக்கு அறியப்படுவது நமக்குப் பெருமையன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது, ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் உள்ளிட்ட ஆய்வுக் குழு இல்லத்துக்குப் போக வேண்டும். எனக்குப் பிடித்த ஏற்பாடு இன்னொன்று உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகளின்படி ஒவ்வோர் இல்லத்திலும் குழந்தைகள் தங்கள் குறைகளை எழுதிப் போட ஒரு பெட்டி, அலுவலக அறைக்குத் தள்ளி, குழந்தைகள் படுக்கும் இடத்துக்கு அருகில் வைக்கப்பட வேண்டும். அதன் சாவி இல்லத்தாரிடம் இருக்கக் கூடாது. இல்லத்தின் மேலாண்மைக் குழுவுக்குத் தலைவரான மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை குழந்தைகளின் முன்னிலையில் திறக்கப்பட வேண்டும். பெட்டி தனியாரின் சுவரில், சாவி அரசின் கையில். அடுத்த முறை போகும்போது அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று உங்கள் மருமகளிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள். அவள் உடனே கை காட்டினால் நல்ல இல்லம். தூசி படிந்த பூட்டைக் காட்டினால், அதையும் ஆட்சியருக்கு எழுதும் மனுவில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

பத்தாயிரம் கேட்டவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இந்த நடைமுறையில் எந்த இடத்திலும் கட்டணம் கிடையாது. இல்லத்துக்கு நன்கொடை கொடுத்தால்தான் குழந்தை கிடைக்கும் என்று எவர் சொன்னாலும் அது முறைகேடு. வழக்கறிஞர் தேவையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசமாக ஏற்பாடு செய்து தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். குழுவின் உத்தரவு உங்களுக்கு எதிராக அமைந்தால், 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய முடியும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காளும் தம்பியும் இரண்டு இல்லங்களில் இருப்பது உங்களை வருத்துகிறது என்று கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. பதினொரு வயதுப் பெண்ணையும் ஏழு வயதுப் பையனையும் ஒரே வளாகத்தில் வைத்துக்கொள்ளும் இல்லங்கள் அரிது. வேண்டுமென்றே பிரித்ததாக எண்ண வேண்டாம். ஆனால் இருவரும் வாரம் ஒருமுறையாவது போனில் பேசவும், மாதம் ஒருமுறை நேரில் சந்திக்கவும் ஏற்பாடு செய்யும்படி குழுவிடம் கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. இரண்டு அறக்கட்டளைகளும் தாமாகப் பேசி இதைச் செய்வது அபூர்வம். குழு ஒரு வரி எழுதிவிட்டால் இருவரும் செய்துவிடுவார்கள். வளர்ப்புக் குடும்பங்களில் விடும்போது உடன்பிறந்தோரைப் பிரிக்காமலிருக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்வதை, உங்கள் கோரிக்கைக்குத் துணையாகக் குறிப்பிடலாம்.

திதியைப் பற்றி. இல்லத்தில் இருக்கும் குழந்தைக்குச் சிறப்பான தருணங்களுக்காக, பொதுவாக ஏழு நாளுக்கு மேற்படாமல், மேற்பார்வையோடு விடுப்பு அளிக்கக் குழுவுக்கு 98-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. உறவினர் திருமணம், நெருங்கியவர்களின் மரணம் போன்றவை அங்கே எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. தாயின் முதல் திதியை அந்த வரிசையில் வைத்துப் பார்க்க மறுக்கும் உறுப்பினரை நான் கண்டதில்லை. ஒப்படைப்பு மனுவோடு கலக்காமல் இதற்குத் தனி மனு எழுதி, திதி நாள், நடக்கும் இடம், அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுபவர் யார் என்பதைக் குறிப்பிட்டு, மூன்று வாரம் முன்னதாகவே கொடுங்கள். இருவரையும் ஒரே நாளில் அனுப்பக் கேளுங்கள். அன்றைக்கே உங்கள் வீட்டைப் பார்க்கச் சமூகப் பணியாளர் வரலாம் என்றும் அதில் எழுதுங்கள்; நிலுவையில் கிடக்கும் அந்த அறிக்கைக்கு அதைவிட நல்ல நாள் அமையாது. அழைத்துப் போகும்போதும் திரும்ப விடும்போதும் இரண்டு இல்லங்களின் வருகைப் பதிவேட்டிலும் நேரத்தைக் குறித்துக் கையெழுத்திடுங்கள்.